மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் கத்திய ராத்திரி: போலி வைரஸ் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

ராத்திரி ஒன்பதரை இருக்கும். பெரம்பூரிலிருந்து மாமா போன் செய்தார். "டேய், கம்ப்யூட்டர் கத்துதுடா. நிறுத்தவே முடியல." பின்னால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தது. நடுநடுவே ஆம்புலன்ஸ் மாதிரி ஊளை. அதற்கும் பின்னால் அத்தையின் குரல்: "வயரப் புடுங்குங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு."

மாமா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரயில் பெட்டியின் பிரேக்கைக் கழற்றி மாட்டத் தெரிந்த மனுஷன் அன்றைக்கு முதலில் செய்தது, மானிட்டரை மட்டும் அணைத்ததுதான். திரை இருட்டாகிவிட்டது, ஸ்பீக்கர் அடங்கவில்லை. "ஆஃப் பண்ணியும் பேசுதுடா, உள்ளுக்குள்ள இறங்கிடுச்சு போல" என்றார். பயத்தில் மானிட்டர் மேல் ஒரு துண்டை வேறு போட்டு மூடியிருந்தார் என்று அப்புறம் அத்தை சொன்னார்.

வைரஸ் எதுவும் வரவில்லை. மாமா பஞ்சாங்கம் பிடிஎஃப் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு தளத்தில் 'டவுன்லோட்' என்று பச்சையாக மூன்று பட்டன்கள் இருந்திருக்கின்றன. அதில் பெரியது விளம்பரம். எல்லாரையும் போல அவரும் பெரியதைத்தான் அழுத்தினார். நீல நிறத்தில் ஒரு பக்கம் திறந்தது, இன்னொரு க்ளிக்கில் அது திரை முழுக்கப் பரவியது, கத்த ஆரம்பித்தது. நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு போன் நம்பர். நல்ல வேளை, அந்த நம்பருக்குக் கூப்பிடாமல் எனக்குக் கூப்பிட்டார்.

அன்றைக்குப் போனில் அவருக்குச் சொன்னதையும், மறுநாள் நேரில் போய்ச் சொன்னதையும்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள், வீட்டில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் இருப்பவர்கள், இரண்டு தரப்புக்கும் ஆகும்.

திரையில் இருப்பது வெறும் பக்கம்

இதை முதலில் மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். தினமலர், யூடியூப் மாதிரி அதுவும் ஒரு வலைப்பக்கம். பிரவுசருக்குள் திறக்கிற ஒரு பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. 'ஸ்கேன் ஆகிறது' என்று ஓடுகிற கோடும், வரிசையாக வந்து விழுகிற ஃபைல் பெயர்களும் முன்கூட்டியே எழுதி வைத்தவை. யார் திறந்தாலும் அதே படம்தான் ஓடும்.

மாமாவின் பிரவுசர் ஹிஸ்டரியிலிருந்து அந்த முகவரியை எடுத்து என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். (நீங்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.) என்னுடையதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதில் சி டிரைவ் என்று ஒன்று கிடையவே கிடையாது. இருந்தும் 'உங்கள் சி டிரைவில் ஐந்து ட்ரோஜன்கள்' என்று அந்தப் பக்கம் என்னிடம் அடித்துச் சொன்னது.

"சென்னைன்னு ஊர் பேரெல்லாம் சொல்லுச்சேடா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் உங்கள் இணைப்பின் ஐபி முகவரி அந்தத் தளத்துக்குத் தெரியும். தெரிந்தால்தான் அதனால் பக்கத்தைத் திருப்பி அனுப்ப முடியும். ஐபியை வைத்து ஊரைக் குத்துமதிப்பாகச் சொல்லப் பட்டியல்கள் இருக்கின்றன. திருவள்ளூரில் உட்கார்ந்திருப்பவருக்கும் 'சென்னை' என்று காட்டும். எந்த பிரவுசர், எந்த விண்டோஸ் என்பதும் அப்படித்தான், பிரவுசரே சொல்லிவிடும். இந்த மூன்றையும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுக் காட்டினால் யாரோ வீட்டுக்குள் புகுந்து பார்த்த மாதிரி இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

முதல் வேலை: வாயை அடைப்பது

சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் புத்தி வேலை செய்யாது. ஸ்பீக்கர் ஸ்விட்சை அணையுங்கள், லேப்டாப் என்றால் மியூட் பொத்தானை அழுத்துங்கள். அதற்கப்புறம் நிதானமாக, இந்த வரிசையில்:

1. கீபோர்டின் இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் பொத்தானை அழுத்தி, மூன்று நான்கு வினாடி பிடித்தபடியே இருங்கள். தட்டிவிட்டு எடுத்தால் போதாது. லேசாகத் தட்டினால் மசியாத மாதிரி அந்தப் பக்கம் செய்து வைத்திருக்கும். அழுத்திப் பிடித்தால் முழுத்திரை கலைந்து, மேலே டேபும் அதை மூடுகிற பெருக்கல் குறியும் தெரியும். மூடிவிடுங்கள். பக்கத்துக்குள்ளேயே தெரிகிற 'மூடு', 'ரத்து செய்' எதையும் தொடாதீர்கள். அவையும் படத்தின் ஒரு பகுதிதான்.

2. அதற்கு மசியவில்லை என்றால் ஆல்ட் பொத்தானோடு எஃப்4. சில லேப்டாப்களில் எஃப்என் என்ற பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். பிரவுசர் ஜன்னலே மூடிக்கொள்ளும்.

3. அதற்கும் மசியவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் குரோமோ எட்ஜோ எது ஓடுகிறதோ அதைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். இந்தப் பக்கங்களில் சில, மவுஸ் அம்பை மறைத்துவிடும். அப்போது கீபோர்டின் அம்புக்குறிகளால் நகர்ந்து டெலீட் பொத்தானை அழுத்தினாலும் அதே வேலை நடக்கும்.

4. எதுவும் கைகொடுக்காவிட்டால் பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். 'கம்ப்யூட்டரை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும்' என்று அந்தக் குரல் சொல்வது உங்களை இந்த நாலாவது படிக்கு வரவிடாமல் தடுக்கத்தான். சேமிக்காமல் வைத்திருந்த கடிதம் ஏதாவது இருந்தால் அது போகும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

மாமாவுக்கு நாலாவது படிதான் வேண்டியிருந்தது. வீட்டில் யூபிஎஸ் இருப்பதால் சுவரில் ஸ்விட்சை அணைத்தும் சிபியு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அது அவர் பயத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

இதில் ஒரு இடத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். மறுபடி ஆன் செய்து பிரவுசரைத் திறந்ததும், 'சரியாக மூடப்படவில்லை, பக்கங்களை மீட்கவா?' என்று கேட்கும். 'ரீஸ்டோர்' என்பதை அழுத்தினால் அதே பேய் அதே கூச்சலோடு திரும்பி வரும். வைரஸ் போகவே இல்லை என்று நினைத்து அந்த நம்பருக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தடவையில்தான் விழுகிறார்கள். கேட்டால் பெருக்கல் குறி போட்டு மூடுங்கள். சில பிரவுசர்களில் கேட்காமலே பழைய பக்கங்கள் திறக்கிற மாதிரி செட்டிங் இருக்கும். அப்படியானால் முதலில் வைஃபை ரூட்டரை அணைத்துவிட்டு பிரவுசரைத் திறங்கள். நெட் இல்லாததால் பக்கம் வராது. டேபை மூடிவிட்டு ரூட்டரைப் போடுங்கள்.

எந்த நம்பருக்கும் கூப்பிடவில்லை, எதையும் டவுன்லோட் செய்யவில்லை என்றால் விஷயம் இத்தோடு முடிந்தது. மன நிம்மதிக்கு ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள். ஃபார்மட் தேவையில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே பிரச்சினையோடு போன என் நண்பன் ஒருவனிடம் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் "முழுசா ஃபார்மட் பண்ணணும் சார்" என்று காசு வாங்கி, குழந்தையின் பிறந்தநாள் போட்டோக்களையும் சேர்த்து அழித்துக் கொடுத்தார்கள். வைரஸ் செய்யாததைக் கடைக்காரர் செய்தார்.

பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு அடையாளம் போதும் என்றால், போன் நம்பர். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியிலோ எச்சரிக்கையிலோ போன் நம்பர் இருக்காது. அந்த நிறுவனமே இதைத் தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. 1800 என்று தொடங்கும் இலவச எண்ணாக இருந்தாலும் அதே கதைதான்.

நிஜ எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது இன்னும் நல்லது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அது எதையாவது பிடித்தால் திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி வரும், கொஞ்ச நேரத்தில் தானே போய்விடும். அழுத்தினால் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற செயலி திறக்கும், வலைப்பக்கம் திறக்காது. கத்தாது, கவுண்ட்டவுன் ஓட்டாது, காசு கேட்காது. சந்தேகமாக இருந்தால் வந்த பெட்டியை விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் நீங்களே 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்' பகுதியில் பாருங்கள். உண்மையில் ஏதாவது இருந்தால் அங்கே இருக்கும்.

முகவரியைப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. மாமா பார்த்த பக்கத்தின் முகவரி 'விண்டோஸ் டாட் நெட்' என்று முடிந்தது. அது மைக்ரோசாஃப்டுடைய பெயரேதான். ஆனால் மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவையில் யார் வேண்டுமானாலும் இடம் எடுத்துப் பக்கம் போடலாம், அப்படிப் போடுகிற பக்கங்களுக்கு அந்த வால் வரும். ஒரு பெரிய காம்ப்ளெக்ஸில் கடை வாடகைக்கு எடுத்தவர் அந்தக் காம்ப்ளெக்ஸ் முதலாளி ஆகிவிட மாட்டார் இல்லையா, அது மாதிரி. போதாததற்கு, முழுத்திரையில் மேலே தெரிகிற முகவரிப் பட்டையே வரைந்து வைத்த படமாகவும் இருக்கலாம். அதனால் முகவரி சரியாகத் தெரிகிறது என்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள். தப்பாகத் தெரிந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டிடமிருந்தே அதைப் பற்றிய அறிவிப்புகள் வரும். அவை உண்மை. அவையும் யாருக்கும் போன் செய்யச் சொல்லாது.

மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவை

பிரவுசரைத் திறக்காமலே வலது மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து', 'ஆன்டிவைரஸ் காலாவதி' என்று நாளுக்கு இருபது தடவை வருகிறதா? இது வேறு வகை. எப்போதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்தவும்' என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நிஜ டிஃபெண்டர் பெட்டியும் இதே மூலையில்தான் வரும். வித்தியாசம் பார்க்க, பெட்டிக்குள் சின்ன எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் பெயரும் ஏதாவது தள முகவரியும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது பிரவுசர் வழியாக வந்தது.

எடுக்கும் வழி சுலபம். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்களை நீக்குங்கள். அதே பக்கத்தில் எந்தத் தளமும் இனிமேல் அனுமதி கேட்கக்கூடாது என்றும் வைத்துவிடலாம். மாமா வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நான் பார்த்தபோது அந்தப் பட்டியலில் பதினேழு தளங்கள் இருந்தன. அதில் அவருக்குத் தெரிந்தது ஒன்று, கிரிக்கெட் ஸ்கோர்.

ரோபோ பேச்சு வந்ததால் சொல்கிறேன், 2024இலிருந்து இன்னொரு வித்தை பரவியிருக்கிறது. 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு எண்டர்' என்று ஒரு பக்கம் சொல்லும். செய்தால், அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்டிவிடுவீர்கள். மேலே சொன்ன கத்தல் பக்கத்தைப் போல் இது வெறும் படம் இல்லை. உண்மையான வைரஸ் உள்ளே வரும். ரோபோ சோதனைக்கு டிக் அடிக்கச் சொல்வார்கள், பஸ் இருக்கிற படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் எந்தப் பொத்தானையும் அழுத்தச் சொன்னால் எழுந்து போய் டீ போடுங்கள்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும்?

ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. எதிர்முனையில் மரியாதையான குரல், பெயர், எம்ப்ளாயி நம்பர் எல்லாம் இருக்கும். "பதட்டப்படாதீங்க மேடம், நான் இருக்கேன்" என்பார். பிறகு உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் என்று ஏதாவது ஒன்றை இறக்கச் சொல்வார், அல்லது விண்டோஸிலேயே இருக்கும் குவிக் அசிஸ்டைத் திறக்கச் சொல்வார். இவை திருட்டு மென்பொருள்கள் இல்லை. மாமா கம்ப்யூட்டரை நானே இப்படித்தான் வீட்டிலிருந்து சரிசெய்கிறேன். வீட்டுச் சாவி மாதிரி, யார் கையில் போகிறது என்பதுதான் விஷயம். திரையில் வரும் எண்ணைப் படித்துச் சொன்ன கணத்தில் சாவி கைமாறிவிடுகிறது.

அடுத்து ஒரு நாடகம். 'ஈவெண்ட் வியூவர்' என்ற ஒன்றைத் திறந்து காட்டுவார். சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் பிழைகள் வரிசையாக நிற்கும். "பாத்தீங்களா, எவ்வளவு வைரஸ்!" ரிச்சி தெருவில் காலையில் சீல் உடைத்து வாங்கிய புத்தம்புது லேப்டாப்பிலும் சில நாளில் இந்தப் பட்டியல் நிரம்பும். ஏதோ ஒரு சேவை அரை வினாடி தாமதமாகத் தொடங்கியதைக் கூட விண்டோஸ் அங்கே எழுதி வைக்கும்.

பிறகு கறுப்புத் திரையைத் திறந்து 'நெட்ஸ்டாட்' என்று அடிப்பார். 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பின் கீழ் எண்கள் வரும். "பாருங்க, ஃபாரின் ஹேக்கர்ஸ் கனெக்ட் ஆகியிருக்காங்க." அந்த வார்த்தைக்கு அங்கே 'மறுமுனை' என்றுதான் அர்த்தம். அம்பத்தூரில் இருக்கும் சர்வரோடு பேசினாலும் 'ஃபாரின் அட்ரஸ்' என்றே காட்டும். இன்னும் ஒன்று, 'ட்ரீ' என்ற கட்டளை. அது உங்கள் ஃபோல்டர்களின் பெயரை வரிசையாகக் கொட்டும். திரையில் எழுத்து மளமளவென்று ஓடும்போது ஏதோ ஸ்கேன் நடப்பது போல இருக்கும். ஓடி முடிந்ததும் கடைசி வரியில் 'வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' என்று அவரே டைப் அடித்து வைத்திருப்பார்.

நாடகம் முடிந்தால் பில். வருஷத்துக்கு இவ்வளவு, 'லைஃப்டைம்' என்றால் இவ்வளவு. பணம் கட்டுவதற்காக நீங்கள் நெட்பேங்கிங் திறக்கும்போது அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறந்துவிடக்கூடாது. சிலர் இதையும் தாண்டி, சில மாதம் கழித்து "ரீஃபண்ட் தருகிறோம்" என்று கூப்பிடுவார்கள். உங்கள் பேங்க் பக்கத்தில் தெரிகிற எண்ணை, பிரவுசரில் இருக்கும் ஒரு வசதியை வைத்து, திரையில் மட்டும் மாற்றுவார்கள். இரண்டாயிரம் வர வேண்டிய இடத்தில் இருபதாயிரம் வந்த மாதிரி தெரியும். "ஐயோ, தப்பா ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க, இல்லன்னா என் வேலை போயிடும்." நம் ஜனம் இரக்கத்துக்குத்தான் அதிகம் விழும். பணம் வந்திருக்கவே இருக்காது. பக்கத்தை ரீலோட் செய்தால் பழைய எண்ணே தெரியும்.

இந்தத் தொழிலின் ஒரு பெரிய பங்கு இந்தியக் கால் சென்டர்களிலிருந்து அமெரிக்கா, பிரிட்டன் மக்களை ஏமாற்ற நடந்தது, நடக்கிறது. 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை போட்டது. அதில் மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களின் பேரில் பதிவான வழக்குகளும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க நியூஜெர்சிக்குப் போய் ஆறு மாதம் இருக்கும் மாம்பலத்து அப்பா அம்மாக்கள் அங்கேயும் இந்த வலைக்குள்தான் இருக்கிறார்கள், கிளம்பும் முன் சொல்லி அனுப்புங்கள்.

கூப்பிட்டுவிட்டேன், என்ன செய்ய?

வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதில்தான் பணம் போகிறது. போனைத் துண்டியுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். ரூட்டரை அணையுங்கள். நெட் அறுந்தால் அவர் கையும் அறுந்தது. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு மற்ற வேலைகளை வேறு போனில் செய்யுங்கள்.

முதலில் வங்கி. கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு கார்டு, நெட்பேங்கிங், யூபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி எண் எடுக்காதீர்கள். அங்கே இன்னொரு கூட்டம் போலி எண்களோடு காத்திருக்கிறது.

அடுத்தது 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். பணம் போயிருந்தால் இதுதான் முக்கியம். உங்கள் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், அங்கிருந்து வெளியே எடுக்கும் முன் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். திருடர்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று நிமிஷங்களில் நகர்த்துவார்கள் என்பதால் மறுநாள் காலைக்கு ஒத்திப்போடக் கூடாது. கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். நேரில் போக வேண்டும் என்றால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம், சென்னை என்றால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கும் போகலாம். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வரும், மூன்று வருஷம் வரை சிறை.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மீதும் வங்கி மீதும் தப்பில்லாமல் பணம் போய், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்களுடையது இல்லை. நீங்களே ஓடிபியையோ பாஸ்வேர்டையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் தலையில்தான். சொன்ன பிறகு போனால் அது வங்கியின் பாடு. ஆகவே அந்த முதல் போன் எத்தனை மணிக்குச் செய்தீர்கள் என்பதையும், அவர்கள் தரும் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள்.

பிறகு, வேறு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதன் பின் வங்கி. மெயில் அவன் கையில் இருந்தால் மற்றதையெல்லாம் அதை வைத்தே மாற்றிவிடுவான். கடைசியாகக் கம்ப்யூட்டர். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து இறக்கிய ரிமோட் செயலியை நீக்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் தானே அணைந்து எழுந்து, கால் மணி நேரம் போல ஓடும். அந்த ஆள் ரொம்ப நேரம் உள்ளே இருந்தான் என்றால் மட்டும், போட்டோக்களைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு விண்டோஸை ரீசெட் செய்வது நல்லது.

போனில்

'உங்கள் போன் 28.1 சதவீதம் சேதம், சிம் கார்டு கெட்டுவிடும்' என்று அதிர்வோடு வரும் பக்கம் பல வருஷமாகச் சுற்றுகிறது. அதுவும் படம்தான், டேபை மூடினால் முடிந்தது. அது காட்டும் 'கிளீனர்' செயலியை இறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக (போனில் செயலியை நிறுவுகிற ஃபைல்) வரும் எதையும் நிறுவாதீர்கள், அது சொந்தக்காரர் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி. சந்தேகம் என்றால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தை அழுத்தி, பிளே புரொடெக்ட் போய் ஸ்கேன் கொடுங்கள்.

பெரியவர்கள் கம்ப்யூட்டருக்குச் செய்து வைக்க வேண்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் போட்டு அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் சேருங்கள். குரோம்தான் வேண்டும் என்றால் அதன் லைட் வடிவம் இருக்கிறது. இந்தக் கத்தல் பக்கங்களில் நிறைய விளம்பரம் வழியாகத்தான் வருகின்றன, விளம்பரம் நின்றால் அவையும் பெரும்பாலும் நிற்கும். எட்ஜ் பயன்படுத்துகிறவர்கள் அதன் செட்டிங்ஸில் 'ஸ்கேர்வேர் பிளாக்கர்' என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 2025இல் வந்தது, இப்படி முழுத்திரையில் பரவும் பக்கங்களை நிறுத்தவென்றே செய்தது. அவர்கள் தினமும் பார்க்கிற நான்கைந்து தளங்களை புக்மார்க் பட்டையில் தமிழில் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். மாமாவுக்குப் பஞ்சாங்கம், ஸ்கோர், பென்ஷன், யூடியூப். தேடவே வேண்டியதில்லை.

ஒரு தாளும் ஒட்டினேன், மானிட்டரின் கீழ்ப்பட்டையில். கறுப்பு மார்க்கரில்: 'கத்தினால் பொய். நம்பர் இருந்தால் பொய். எஸ்கேப்பை அழுத்திப் பிடி. முடியாவிட்டால் பவர் பொத்தான், பத்து எண்ணு.' கீழே என் நம்பர்.

இரண்டு வாரம் கழித்துக் காலை ஆறு மணிக்கு அத்தையின் போன். திரையில் 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் வந்ததாம். மாமா தாளைப் பார்த்து, பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு எட்டு வரை எண்ணிவிட்டாராம், இன்னும் இரண்டு எண்ணவா என்று கேட்கச் சொன்னார். அது நிஜமான விண்டோஸ் அப்டேட். சத்தம் வராது, நம்பர் இருக்காது, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டு சதவீதம் மட்டும் ஏறும், முடிகிற வரை விட்டுவிட வேண்டும். தாளில் இடம் இல்லாததால் இதைப் பக்கத்தில் இருந்த காலண்டரின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொன்னேன்.